மந்திரியின் பழத்தொலி

போனக்காட்டில் அன்று காலையிலிருந்தே தூறல். தேயிலை எஸ்டேட் மைதானத்தில் தகரக் கூரை போட்ட மேடை, அதில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. நடு நாற்காலியில் மந்திரி. அவருக்குப் பின்னால், நாற்காலி இல்லாமல், நான். எதிரே லயங்களிலிருந்து, அதாவது தோட்டக் குடியிருப்புகளிலிருந்து, வந்த அத்தனை பேரும் குடையும் தலையில் போர்த்திய கம்பளிக் கொங்காணியுமாக நின்றார்கள். பச்சைத் தேயிலை வாசனையோடு ஈரக் கம்பளி வாசனையும் சேர்ந்து அடித்தது.

மந்திரி வழக்கம்போல், பேச எழுவதற்கு முன்னால், ஜிப்பாப் பையிலிருந்து ஒரு ரசகதலி வாழைப்பழத்தை எடுத்தார். உரித்தார். இரண்டே வாயில் தின்றார். திரும்பிப் பார்க்காமலே தொலியைப் பிடித்த கையைப் பின்பக்கமாக நீட்டினார். நானும் வழக்கம்போல் அதை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கூட்டம் ஆர்ப்பரித்தது.

வெறும் கைதட்டல் இல்லை. விசில் பறந்தது. ஒரு பெண் பக்கத்தில் நின்றவளின் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தாள். "பாத்தியா, பாத்தியா! அப்பிடியே பையில போட்டுக்கிட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள்.

மந்திரி பூரித்துப் போனார். இத்தனை வருஷ அரசியலில் பேசுவதற்கு முன்பே அவருக்கு யாரும் கை தட்டியதில்லை. பேசி முடித்த பிறகும் அப்படி ஒன்றும் தட்டியதில்லை. இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் நான், அந்தக் குளிரிலும் முதுகெல்லாம் வேர்த்துப் போய் நின்றேன். அந்தச் சிரிப்பு எதற்கென்று எனக்குத் தெரியும். அது மந்திரிக்கும் தெரிந்துவிட்டால் நான் அவருடைய காரில் மலை இறங்கப் போவதில்லை என்பதும் தெரியும்.

லாட்ஜில் ஒரு கட்சி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதல்முதலாகப் புரட்டுகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பாறசாலைப் பக்கத்துத் தமிழன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மறுபடியும் தமிழ். ஞானதாஸ் என்ற பெயரைத் திருவனந்தபுரம் வெட்டித் தாஸ் ஆக்கியது. தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். எழுதிய பரீட்சை எல்லாம் என்னைக் கைவிட்ட பிறகு கிடைத்த ஒரே நாற்காலி அது.

அந்த லாட்ஜின் மாடியில் ஒரு கட்சி குடியிருந்தது. மிகைப்படுத்தவில்லை. அறைக் கதவிலேயே கட்சிப் பலகை தொங்கும். கட்சி என்றால் தலைவர், அவருடைய மைத்துனர், ஒரு லெட்டர்பேட். தலைவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். பெயர் இல்லாமலே ஊர் கண்டுபிடித்த மனிதர் அவர். எப்படிக் கண்டுபிடித்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

நாட்டில் எது நடந்தாலும் அவர் படி இறங்கி வந்து என் மேஜைமேல் முழங்கையை ஊன்றுவார். "தாஸே, ஒரு அறிக்கை வேணுமல்லோ" என்பார். நான் அறைச் சாவிகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மலையாளத்தில் கண்டன அறிக்கை எழுதிக் கொடுப்பேன். அவர் அதைத் தானே பத்திரிகை ஆபீஸ்களுக்கு நடந்து கொண்டுபோய்க் கொடுப்பார். ஒன்றுகூட அச்சில் வந்ததாக நினைவில்லை.

பிறகு ஒரு தேர்தலில், பெரிய கட்சிகள் ஜெயிக்க முடியாது என்று ஒதுக்கிய தொகுதியை முன்னணி இவர் தலையில் கட்டியது. இவர் ஜெயித்துத் தொலைத்தார். முன்னணிக்குப் பெரும்பான்மை நூலிழையில் நின்றதால் ஒற்றை எம்.எல்.ஏ. வைத்திருந்த கட்சிக்கும் ஒரு மந்திரி கொடுக்க வேண்டியதாயிற்று. சட்டமன்றக் கட்சியே அவர், அதன் தலைவரும் அவர், கொறடாவும் அவர். உட்கட்சிப் பூசல் வந்தாலும் அவருக்குள்ளேதான் நடந்து முடிய வேண்டும்.

பதவி ஏற்ற கையோடு ஸ்டேட் காரில் லாட்ஜ் வாசலில் வந்து இறங்கினார். மந்திரிகள் தங்கள் பர்சனல் ஸ்டாஃபை இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் ஊர் வழக்கம். நான் எழுந்து நின்றேன். "சாவியை வை, தாஸே. வண்டியில் கேறு" என்றார். ஏறிவிட்டேன்.

மூன்று அளவு துக்கம்

அவருடைய துறையைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். மற்ற மந்திரிகள் வேண்டாமென்று தள்ளிய சில்லறைகளை எல்லாம் ஒன்றாய்க் கட்டி ஒரு துறை என்று கொடுத்திருந்தார்கள். ஃபைல் குறைவு. ஆகவே எனக்கு மிஞ்சியது வாழ்த்தும் அனுதாபமும்தான்.

எந்த ஆண்டுமலருக்கும் வாழ்த்து, எந்தச் சாவுக்கும் அனுதாபம். அனுதாபத்தை நான் மூன்று அளவில் தைத்து வைத்திருந்தேன். எதிர்க்கட்சிக்காரருக்கு 'வருத்தம் அளிக்கிறது'. முன்னணிக்காரருக்கு 'ஈடு செய்ய முடியாத இழப்பு'. சொந்தக் கட்சிக்காரருக்கு என்று கண்ணீர் வரவழைக்கிற ஒன்று நீளமாக எழுதி வைத்திருந்தேன், உபயோகிக்க வாய்ப்பே வரவில்லை. என்னையும் சேர்த்துக் கட்சியின் மூன்று உறுப்பினர்களும் திடகாத்திரமாக இருந்தார்கள்.

இதைத் தவிர எனக்கு இன்னொரு முக்கிய இலாகா இருந்தது. தினமும் காலையில் தம்பானூரில் காரை நிறுத்தி மந்திரிக்கு ரசகதலிப் பழம் வாங்குவது. பேசுவதற்கு முன்னால் ஒரு பழம் தின்றால்தான் தொண்டை திறக்கும் என்பார். தின்ற பிறகு தொலி என் பொறுப்பு. மேடையில் ஒரு மந்திரி தொலியைக் கீழே போட முடியுமா? என் சட்டைப் பைகள் எல்லாம் கறை பிடித்துப் போய் ஜெயராணி என்னை ஏசாத நாளில்லை. ஜெயராணி என் மனைவி.

பூட்டில்லாத அறை

நாள் முழுக்க இன்னொருவர் பெயரில் மலையாளத்தில் துக்கப்பட்டும் சந்தோஷப்பட்டும் விட்டு வீட்டுக்கு வந்தால் மனசு காலி டப்பாவாகக் கிடக்கும். ஒரு சாயங்காலம் சும்மா தமிழில் எழுதிப் பார்த்தேன். அன்றைக்கு நடந்ததையே எழுதினேன். மந்திரி ஒரு கோயில் யானைக்குப் பழம் கொடுக்கப் போனார். ஒவ்வொரு பழத்தையும் அக்கறையாக உரித்துப் பழத்தை யானைக்குக் கொடுத்தார், தொலியை எனக்குக் கொடுத்தார். பழம் தீர்ந்ததும் யானை என் சட்டைப் பையைத் தேடி வந்தது. பையோடு சட்டையும் போயிற்று.

இதில் மந்திரிக்கு 'மாண்புமிகு மயிலப்பன்' என்று பெயர் வைத்தேன். எனக்கு அம்பலவாணன் என்று வைத்துக்கொண்டேன். ஒரு வேதக்காரக் கிறிஸ்தவன் எழுதியது என்று ஒருவனுக்கும் சந்தேகம் வராதல்லவா? சென்னையில் ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். போட்டுவிட்டார்கள். இன்னும் இருந்தால் அனுப்புங்கள் என்றார்கள். இன்னுமா? என்னிடம் தினமும் ஒரு மந்திரி அல்லவா இருந்தார்!

அப்படித்தான் அது வாரம் தவறாத தொடராயிற்று. மயிலப்பன் பழம் தின்பார், அவருடைய உதவியாளன் தொலி தாங்குவான். கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கலாம். எனக்கு அப்போது கூட்டி எழுதத் தெரியும், மாற்றி எழுதத் தெரியாது.

ஜெயராணிதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத்த வேலை? மந்திரி அறிஞ்சா சோத்துல மண்ணு விழும். பின்னயும் லாட்ஜிலதான் போய் இருக்கணும்."

"எப்பிடி அறிவாரு? தமிழ்லல்லா எழுதுதேன். நம்ம ஆபீசில ஒருத்தருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது."

"ஆபீசில உள்ளவங்க மட்டுமா இந்த ஊர்ல இருக்கியாவ?"

கேட்டாளே ஒழிய, அந்தக் கேள்வியின் கனம் அன்றைக்கு எனக்கு ஏறவில்லை. மலையாளம் என் ஆபீஸ், தமிழ் என் தனி அறை, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் யாரும் வர மாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். தம்பானூரில் நான் பழம் வாங்கும் கடைக்குப் பக்கத்துக் கடையில்தான் அந்தப் பத்திரிகை கட்டுக்கட்டாகத் தொங்கும். வெள்ளிக்கிழமைதோறும் நானே ஒன்று வாங்குவேன். மீதியை யார் வாங்குகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஒரு எச்சரிக்கை வந்தது. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த வலியசாலைக் கோயில் தெருவில் ஏதோ ஓடைக்கு மூடி போட்டதைத் திறந்து வைக்க மந்திரி போனபோது, மேல்துண்டு போர்த்திய மாமா ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஓய், இந்த அம்பலவாணன்னு ஒருத்தன் எழுதறானே, படிக்கறேளோ? நம்ம ஊர் மந்திரிய அப்படியே உரிச்சு வெச்சிருக்கான், கேட்டேளா! யாரா இருக்கும்?"

"தெரியாது மாமா."

"பக்கத்துலயே இருக்கறவனாக்கும். இல்லேன்னா இப்படி எழுத வராது" என்று சொல்லிவிட்டு என் சட்டைப் பையைப் பார்த்தார். பையிலிருந்து தொலியின் ஒரு முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையால் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

நானே தோண்டிய குழி

இனி போனக்காடு. அங்கே மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள். அவர்களிடமிருந்து ஒரு மனு வந்தது. தங்கள் வாசகசாலைக்கு மலையாளப் பத்திரிகைகள் மட்டுமே வருகின்றன, தமிழ்ப் பத்திரிகைகளும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

எனக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. என் தாய்மொழிக்கு நான் என்ன செய்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஃபைலை மந்திரி முன்னால் வைத்து அன்றைக்கே கையெழுத்து வாங்கினேன். எந்தெந்தப் பத்திரிகை என்று குறித்ததும் நான்தான். எந்தப் பத்திரிகையை முதலில் குறித்தேன் என்று நீங்களே ஊகிக்கலாம்.

இப்படியாக ஒரு மலை முழுக்க எனக்கு வாசகர்களை அரசாங்கச் செலவில் ஏற்பாடு செய்தேன். சில மாதம் கழித்து வாசகசாலைக்குப் புதுக் கட்டடம் வந்தது, மந்திரியைத் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். கூட்டிக்கொண்டு போனவனும் நானே. உயரமான இடம், ஒதுக்குப்புறம், தொந்தரவு இல்லாத நிகழ்ச்சி என்று மந்திரியிடம் சொல்லியிருந்தேன்.

ரேஷன் கடை வருமா?

அப்படி வந்து நின்றதுதான் அந்த மேடை. தமிழர் கூட்டம் என்பதால் மந்திரிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் எழுதியிருந்தது. மொழிபெயர்ப்பாளர் யார்? பையில் தொலியோடு நின்றவன்தான்.

மந்திரி பேசி முடித்தார். கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டார். கொழுந்து பறிக்கும் பெண்களில் ஒருத்தி முன்னால் வந்தாள். தவமணி என்று கூப்பிட்டார்கள். உடன் பறிக்கிறவர்களுக்கு அந்தத் தொடரை உரக்க வாசித்துக் காட்டுவது அவள்தான் என்று பின்னால் தெரிந்தது.

"ஐயா, போன வாரம் பாலம் தொறக்கப் போன எடத்துல, கத்தரி வெட்டலன்னு ரிப்பனப் பல்லால கடிச்சு அறுத்தீங்களே. அது நெசமா? இல்ல எழுதினவரு கூட்டிச் சொன்னதா?"

எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். மந்திரி என் பக்கம் சாய்ந்தார்.

"எந்தா தாஸே, ஆ அம்ம சோதிக்குன்னது?" என்ன கேட்கிறாள் என்கிறார்.

என் வாயில் முதலில் வந்து விழுந்தது இது: "சாரே, லயத்தின்டெ அடுத்து ஒரு ரேஷன் கட வருமோ எந்நு சோதிக்குன்னு."

சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்களுடைய பிள்ளைகள் படிப்பது மலையாளம். ரேஷன் கார்டு மலையாளம், பஞ்சாயத்து மலையாளம், பஸ் போர்டு மலையாளம். இங்கே மலையாளம் தெரியாதவர் யார்? நான் சொல்கிற பொய்யை அத்தனை பேரும் இரண்டு மொழியிலும் கேட்டு ரசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மந்திரி எழுந்தே விட்டார். கையை உயர்த்தினார். "வரும்! எந்து தடஸம் வந்நாலும் வரும்! ஞான் நேரிட்டு கொண்டு வரும்!"

நான் மொழிபெயர்த்தேன். "எந்தத் தடை வந்தாலும் ஐயா நேரிலேயே கொண்டு வருவாங்களாம்."

"பல்லால கடிச்சு இழுத்துக்கிட்டா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

அடுத்து மப்ளர் கட்டிய ஒருவர் என்னையே சுட்டிக் காட்டினார். "தொலி தாங்குற ஆளு நீங்கதானே? கதையும் நீங்கதானே எழுதுறீக?"

மந்திரி மறுபடியும் சாய்ந்தார். "இயாள்?" இந்த ஆள் என்ன சொல்கிறார் என்கிறார்.

"நன்றி பறயுன்னு, சாரே."

மந்திரி அவரைப் பார்த்து உருக்கமாகக் கும்பிட்டார். அவரும் என்ன செய்வதென்று தெரியாமல் பதிலுக்குக் கும்பிட்டார்.

இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ரேஷன் கடை வந்தது, வண்டி ரூபத்தில். மந்திரி திரும்பிப் போனதும் அதையே பிடித்துக்கொண்டு, சிவில் சப்ளைஸ் மந்திரியின் அறை வாசலில் பழமும் கையுமாக உட்கார்ந்து, வாரம் ஒரு முறை லயத்துக்குப் பக்கத்தில் ரேஷன் வண்டி வந்து நிற்கும்படி செய்துவிட்டார். என் உத்தியோக வாழ்க்கையில் ஜனங்களுக்கு உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான். அதுவும் நான் பயத்தில் சொன்ன பொய்யிலிருந்து வந்தது.

மலை இறக்கம்

வண்டி மலை இறங்கியது. முன்சீட்டில் டிரைவர் செல்லையனும் நானும். செல்லையன் நெய்யாற்றின்கரைப் பக்கம், என்னைப் போலவே இரண்டு மொழிக்காரன். பின்சீட்டில் மந்திரி. அடிவாரத்தில் விதுரா தாண்டியது. எத்தனை சாவுக்கோ அனுதாபம் எழுதிக் கொடுத்த நான், மனசுக்குள் எனக்கு ஒரு ராஜினாமாக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். முதல் வரியைத் தாண்டவே முடியவில்லை.

"தாஸே."

"சார்."

"ஆ அம்ம சோதிச்சது ரேஷன் கட அல்லல்லோ."

நான் வெளியே பார்த்தேன். ரப்பர் மரங்கள் போய்க்கொண்டிருந்தன.

"ஞான் ஜனிச்சது சாலைக் கம்போளத்தில். நாலு பக்கமும் தமிழ்க் கட. எனிக்குத் தமிழ் அறியில்ல எந்நு நின்னோடு ஆரு பறஞ்ஞு?"

அவருக்குத் தமிழ் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான். அந்த மைதானத்தில் மொழிபெயர்ப்பு தேவைப்பட்ட ஒரு ஆள்கூட இருக்கவில்லை.

"வாயிக்கான் அறியில்ல, கேட்டால் மனசிலாகும்" என்றார். வாசிக்கத்தான் தெரியாதாம். "வாயிச்சுத் தருன்னது செல்லையன்."

செல்லையன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். "எனக்க தப்பு இல்ல சாரே. வெள்ளிக்கிழமை நீங்க புஸ்தகத்த வாங்கி சீட்டுல போட்டுட்டு, பழம் வாங்கப் போவிய. நான் சும்மா எடுத்து வாசிச்சேன். சிரிப்பு வந்துட்டு. பெரிய சாரு எதுக்குடே சிரிக்கேன்னு கேட்டாரு. பின்ன எல்லா வெள்ளிக்கிழமையும் அதுதான். நீங்க வர லேட்டான அன்னைக்கு ரெண்டு தடவ வாசிக்கணும்."

பழக்கடையில் ஏன் எப்போதும் நல்ல சீப்பாகப் பார்த்து, நிதானமாக வாங்கி வரச் சொல்வார் என்பது அப்போதுதான் விளங்கியது. யானைக் கதை வந்ததற்கு மறுவாரமே ஆரம்பித்துவிட்டதாம். ஒரு வருஷத்துக்கு மேலாக என் தனி அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"சார், நான் நாளையிலிருந்து..." என்று ஆரம்பித்தேன்.

"எனிக்கு ஒரு பராதி உண்டு" என்று வெட்டினார். பராதி என்றால் புகார். "பல்லு கொண்டு ரிப்பன் கடிச்சு எந்நு எழுதியது. அது மாத்திரம் பச்சக் கள்ளம். செல்லையா, வண்டி நிர்த்து."

வண்டி ஓரமாக நின்றது. நான் திரும்பினேன். மந்திரி வாய்க்குள் விரலை விட்டு மேல் பல்வரிசையை முழுசாகக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து என் முன்னால் நீட்டினார். பிறகு சாவகாசமாக மாட்டிக்கொண்டு கேட்டார்: "இது கொண்டு ரிப்பன் கடிக்கான் பற்றுமோ?"

நான் அசந்துபோய்விட்டேன். அவருடைய தும்மல் முதல் தூக்கம் வரை எல்லாம் எனக்குத் தெரியும் என்று ஊருக்கே எழுதிக்கொண்டிருந்தவன் நான். பல்செட்டைக் கவனிக்கவில்லை!

பழத்தின் ரகசியமும் அதோடு அவிழ்ந்தது. தொண்டை திறப்பதாவது, மண்ணாவது. விழாக்களில் வைக்கும் பருப்பு வடையையும் மிக்சரையும் நாலு பேர் பார்க்கக் கடித்தால் செட் ஆடிவிடும். பசியோடு பேசவும் முடியாது. அதனால் ஒரு பழம். இதை மட்டும் எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷம் காப்பாற்றினேன். போன வாரம் டெலிபோனில் கேட்டபோது, "எழுதிக்கோ, இப்போ நாட்டில் ஆருக்கா சொந்தப் பல்லு உள்ளது?" என்று அனுமதி கொடுத்துவிட்டார்.

வண்டி மறுபடி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். அதை அப்படியே மலையாளத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை, தமிழிலேயே சொல்கிறேன்.

"என் அறிக்கை ஒன்றுகூடப் பத்திரிகையில் வரவில்லை, தாஸே. போட்டோ எடுத்தால் ஓரத்தில் நிற்கிற என்னை வெட்டிவிட்டுப் போடுகிறார்கள். நீ எழுதுவதில் மட்டும் வாரா வாரம் நான் நடுவில் இருக்கிறேன். வலியசாலையில் நடக்கும்போது ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். முன்னால் பார்க்கவே மாட்டார்கள்."

பிறகு என் பக்கம் திரும்பி, "எழுத விஷயம் கிடைக்காத வாரம் நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவாய். பஸ் டெப்போ திறப்பு விழாவில் நான் கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு டிக்கெட் கிழித்தேனே, எதற்கென்று நினைத்தாய்?" என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்த கையோடு கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேலை தப்பியதில் வந்த தண்ணீர் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த பிரியம் என்று பிறகுதான் புரிந்தது.

பாதி ஆட்சி

ஒற்றை எம்.எல்.ஏ. மந்திரிக்குப் பதவி போக ஆட்சி கவிழ வேண்டிய அவசியமில்லை. முன்னணியில் இதே போல் இன்னொரு சின்னக் கட்சியும் உண்டு. ஒரு நாற்காலி, இரண்டு பேர். பாதிக் காலம் இவருக்கு, மீதிப் பாதி அவருக்கு என்று ஆரம்பத்திலேயே பேசி முடித்திருந்தார்கள். பாதி வந்தது. இவர் சொன்ன வாக்குப்படி எழுந்து கொடுத்துவிட்டார்.

கடைசி நாள் அறையைக் காலி செய்தோம். காரும் செல்லையனும் புது மந்திரிக்கு. செல்லையன் அழுதுகொண்டே சாவியை வாங்கினான். நாங்கள் இரண்டு பேரும் செக்ரட்டேரியட் வாசலில் ஆட்டோவுக்கு நின்றோம். வெயில் சுள்ளென்று அடித்தது. எனக்கு லாட்ஜ் ரிசப்ஷன் ஞாபகம் வந்தது. அவருக்கு வேறொன்று ஞாபகம் வந்திருந்தது.

"தாஸே, மயிலப்பனும் ராஜி வைக்கணுமோ?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார். இத்தனை காலத்தில் அவர் என்னிடம் தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. முன்னணித் தலைவர்களிடம்கூடக் கேட்கவில்லை.

"வேண்டாம் சார். அங்கே நமக்குத் தனிப் பெரும்பான்மை."

மயிலப்பன் ராஜினாமா செய்யவில்லை. இந்த ஊரில் ஆட்சிகள் மாறி மாறி வந்தன, மயிலப்பன் மந்திரியாகவே இருந்தார். முன்னாள் மந்திரி பழைய லாட்ஜ் அறைக்கே திரும்பினார். நான் கீழே ரிசப்ஷனில். வாரம் ஒரு தடவை படி இறங்கி வந்து மேஜைமேல் முழங்கையை ஊன்றுவார். இப்போது அறிக்கை கேட்பதில்லை. கரண்ட் ஆபீஸ் வரிசையில் நின்றது, பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போட்டது எல்லாவற்றையும் சொல்லுவார். அதையெல்லாம் நான் மயிலப்பனின் அரசு முறைப் பயணமாக மாற்றி எழுதுவேன். மாற்றி எழுத எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வருஷங்கள்தான். மந்திரியிடம் வேலை பார்த்தவன் எழுத்தாளன் ஆனது இப்படித்தான்.

முதல் பிரதி

நாகர்கோவிலில் ஒரு சின்னப் பதிப்பகம் தொடரைப் புத்தகமாகப் போட்டது. வெளியீட்டு விழா அதே லாட்ஜின் மாடி ஹாலில், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவில். அட்டையில் அம்பலவாணன் இல்லை, ஞானதாஸ் என்றே போடச் சொன்னவள் ஜெயராணி. "இனி ஆருக்குப் பயப்படணும்?" என்றாள்.

எங்கள் ஊர் வழக்கப்படி புத்தகத்தை ஒருவர் வெளியிட, ஒருவர் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வெளியிட்டவர் முன்னாள் மந்திரி. பெற்றுக்கொண்டவள் போனக்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த தவமணி. செல்லையன் லீவு போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

அடுத்து ஆசிரியரின் ஏற்புரை என்று அறிவித்தார்கள். அந்த ஆசிரியர் நான்தான் என்பது ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. பிறர் பேச எத்தனையோ பேச்சு எழுதியிருக்கிறேன். ஒரு மைக்கின் முன்னால் என் பெயரில் நின்றதில்லை. மேடையில் எனக்குப் போட்ட நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஜிப்பாப் பையில் கையை விட்டார். ஒரு ரசகதலிப் பழத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

"தின்னு. தொண்ட திறக்கும்" என்றார், கூசாமல்.

உரித்தேன். இரண்டு வாயில் தின்றேன். ஹால் முழுக்க ஒரு சிரிப்பு மெல்லக் கிளம்பியது. தொலியை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். அன்றைக்கென்று ஜெயராணி எனக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டிருந்தாள்.

அவர் நேராகக் கூட்டத்தைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே, உள்ளங்கையை விரித்து நீட்டினார். கொடுத்தேன். சலவை செய்த வெள்ளை ஜிப்பாவின் பையில் அதைப் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

"இனி போய்ப் பிரசங்கிக்கு, தாஸே. தொலி ஞான் பிடிச்சுக்கொள்ளாம்."